இருபத்துநான்காவது விலா

குண்டலப்பாறையில் இருபத்துநான்கு பேருக்கு ஆளுக்கொரு விலா எலும்பு கூடிப்போன அந்த வருஷம் மழை சரியாகத்தான் பெய்தது, மொச்சை நன்றாகக் காய்த்தது, மாரியம்மனுக்கு எருமை வெட்டுவதா வேண்டாமா என்று ஊர்த்தெருவும் காலனியும் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டன, கல் குவாரியில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதி வெடி வைத்தார்கள், ஆகவே எலும்பு கூடியதைப் பற்றி மட்டும் தனியாக ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அந்த எலும்புகள் யாருடையவை என்பது எல்லோருக்கும் தெரியும். மாதப்பனுடையவை.

மாதப்பன் காலனியில் பிறந்தவன், பாறையில் துளை போடுகிறவன், எங்கள் சங்கத்தில் கொடி பிடிக்க முதல் ஆளாகவும் சாப்பிட உட்காரக் கடைசி ஆளாகவும் இருந்தவன். அவன் உயிரோடு இருந்தபோதே அவன் எலும்பு ஊருக்குத் தெரிந்த எலும்பு. தை மாதம்தோறும் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து எக்ஸ்ரே வண்டி வரும், கல்தூசி தின்ற நெஞ்சுகளை, ஊராரில் வந்து நிற்பவர்களையும் சேர்த்து, வரிசையில் நிறுத்திப் படம் பிடிக்கும், படத்தில் நுரையீரல் கறுப்பாக இருந்தால் வேலைக்குத் தகுதி, வெள்ளை படர்ந்திருந்தால் கம்பெனி அந்த ஆளை அன்றே நிறுத்திவிடும். ஒரு தை மாதம் வண்டி டாக்டர் மாதப்பன் படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். வலப்பக்கம் நான்காவது விலா முன்நுனியில் இரண்டாகப் பிளந்து கவட்டை போல் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, இது பிறவிக்கூறு, நூறு பேரில் ஒருவருக்கு இப்படி வரும், சிலருக்குக் கழுத்தில் ஒரு விலா கூடுதலாக இருக்கும், சிலருக்கு இரண்டு விலா ஒட்டிக்கொண்டிருக்கும், கருவிலேயே அமைந்துவிடுவது என்று சொன்னார். மாதப்பன் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டுபோய் லட்சுமக்காவின் டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினான்.

"ஏன்டா மாதப்பா, அந்தக் கவட்டையில ரப்பர் கட்டுனா உண்டிவில் ஆவுமா?" என்று லட்சுமக்கா கேட்டாள்.

"ஆவும்கா. மொதல் கல்லு மேனேஜர் மண்டைக்கு, ரெண்டாவது உன் பால்ல தண்ணி ஊத்தற கைக்கு."

அந்தப் படத்தை அவன் மனைவி கெம்பம்மா வீட்டு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்தாள். காலை வெயிலில் அவன் விலாக்கள் இருபத்துநான்கும் தரையில் விழும். அவற்றின் மேல்தான் அவர்கள் சாப்பிட உட்காருவார்கள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சென்னப்பன், இருபத்தெட்டு வருஷம் சங்கச் செயலாளர், நான்கு முறை சிறைக்குப் போனவன், பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடத் துண்டறிக்கையில் படித்தது அதிகம், எழுதியது அதைவிட அதிகம். சுத்தியலைத் தொட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்ததால் என் நுரையீரல் மட்டும் குண்டலப்பாறையிலேயே சுத்தமானது. அதனால் எக்ஸ்ரே வண்டி வரும் நாளில் நெஞ்சு வெளுத்துப்போன தொழிலாளிகளின் பெயரில் நான் போய் நிற்பேன். பெயரைக் கூப்பிட்டால் ஐயா என்று சொல்லிச் சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வருஷம் பதினான்கு பேருக்கு நின்றிருக்கிறேன். இதைக் குவாரியில் நெஞ்சு கொடுப்பது என்பார்கள். கூலி கிடையாது, ஒரு டீ வாங்கித் தருவார்கள். எதிரியின் சட்டத்தை எதிரியின் இயந்திரத்திலேயே தோற்கடிக்கிறேன் என்று எனக்குப் பெருமைதான்.

ஆடி மாதம், வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள், காலை பத்து மணிக்குக் காண்டிராக்டரின் ஜீப்பில் பதினொரு பேர் வந்து இறங்கினார்கள், குவாரி கேட்டுக்கு முன்னால் மாதப்பனை இழுத்துப் போட்டார்கள், அவன் தினமும் தோளில் சுமந்த அதே ஆறுபட்டைத் துளைக்கம்பிகளால் அடித்தார்கள், கை வலித்தபோது நிறுத்தி டீ குடித்தார்கள், குடித்து முடித்து மறுபடி அடித்தார்கள், அவன் காலால் தரையைத் தேய்ப்பது நின்ற பிறகும் அடித்தார்கள், பதினொன்றரைக்குச் சாக்கில் சுருட்டி மேட்டுக்குக் கொண்டுபோய் வெடிமருந்து கெட்டித்த பாறைப் பிளவுக்குள் திணித்தார்கள், பன்னிரண்டுக்குச் சங்கு ஊதியது, மருந்து கெட்டித்த பாறையை அப்படியே விடக்கூடாது என்று வெடிக்கு மட்டும் சங்கம் விலக்குக் கொடுத்திருந்தது, எந்நாளும்போல் வெடிக்காரன் திம்மராயன் திரியைப் பற்றவைத்தான், பிளவுக்குள் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது, அவன் பார்த்தது திரியை மட்டும்தான். அன்று பெய்த கல்தூசி சற்றே ஈரமாக இருந்தது என்று பிறகு பலரும் சொன்னார்கள்.

டீக்கடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் பஸ் நிறுத்தத்திலுமாக இருபத்துமூன்று பேர் அந்த இரண்டு மணி நேரமும் நின்று பார்த்தார்கள். நான் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போயிருந்தேன் என்பது ஊர் அறிந்த சேதி, முத்திரை குத்திய நகல்கூட என்னிடம் உண்டு. ஊர் அறியாத சேதி, முந்தின நாள் சாயங்காலமே மனுவைக் கொடுத்துவிட்டு ஒன்பதரை பஸ்ஸிலேயே நான் திரும்பி வந்துவிட்டேன் என்பதும், ஜீப்பைப் பார்த்ததும் கேட்டுக்கு எதிரே மூடிக்கிடந்த சைக்கிள் கடைக்குள் பின்வாசல் வழியாகப் புகுந்துகொண்டேன் என்பதும், பலகை இடுக்கில் கண்ணை வைத்து எல்லாவற்றையும் பார்த்தேன் என்பதும்.

கெம்பம்மா ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, உன் புருஷன் எவளையோ கூட்டிக்கொண்டு பெங்களூர் போயிருப்பான் என்றார். இருபத்துமூன்று பேரும் விசாரணைக்குப் போய் நாங்கள் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். "உடம்பு எங்கம்மா? உடம்பில்லாம கொலையா? ஒரே ஒரு எலும்பு கொண்டா, அவனோடதுதான்னு காட்டு, அந்த நிமிஷமே கேஸ் எழுதறன்" என்றார் இன்ஸ்பெக்டர். கெம்பம்மா தாலியைக் கழற்றவும் முடியாமல், போட்டுக்கொள்ளவும் முடியாமல், முந்தானை முடிச்சில் கட்டி வைத்துக்கொண்டாள்.

அடுத்த தை மாதம் வண்டி வந்தது. மாசியில் படங்கள் வந்தன. இருபத்துமூன்று படங்களில் பன்னிரண்டு இணை விலாக்களோடு இன்னொன்று இருந்தது, ஒருவருக்கு வலப்பக்கம், ஒருவருக்கு இடப்பக்கம், ஒருவருக்கு இதயத்துக்குக் குறுக்கே, சொந்த எலும்புகளுக்குப் பின்னால் வந்து குடியேறியவன் போல் ஒதுங்கி நின்றது. ஒவ்வொரு படத்தின் கீழும் டாக்டர், பிறவிக்கூறு, சிகிச்சை தேவையில்லை என்று எழுதியிருந்தார். லட்சுமக்கா டீக்கடையில் கயிறு கட்டிப் படங்களை வரிசையாகத் தொங்கவிட்டாள், யார் யாருக்கு என்று பார்த்தார்கள், நின்று பார்த்த இருபத்துமூன்று பேருக்கும் இருந்தது, பார்க்காத ஒருவருக்கும் இல்லை, லட்சுமக்காவுக்கே இடது மார்புக்குக் கீழே இருந்தது, அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை.

ஊர் அதற்கு ஏற்பாடுகள் செய்துகொண்டது. செவ்வாய்க்கிழமைதோறும் கெம்பம்மா வீடு வீடாகப் போவாள், எலும்புக்காரர்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்க வேண்டும், அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இங்க இருக்கான் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். பெண்கள் சமையல்கட்டுக்குள் வைத்துக் காட்டினார்கள். வேறு யார் தொட்டாலும் அந்த எலும்பு கைக்குத் தட்டுப்படாது. பகல் சங்கு ஊதும்போது இருபத்துமூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு அடைக்கும், வெடி வெடித்து முடிந்ததும் ஒரே நேரத்தில் விடும், அந்த மூச்சில் டீக்கடை அடுப்பு ஒருமுறை எகிறி எரியும், லட்சுமக்கா அதற்கேற்றபடி பால் சட்டியை இறக்கிவைக்கப் பழகிக்கொண்டாள். மாதப்பன் தம்பிக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பாவுக்கும் ஒரு விலா இருந்ததால் அண்ணன் மகளை எப்படிக் கட்டுவது என்று அந்தச் சம்பந்தத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஊர்த்தெருப் பெரியதனக்காரர் கோவிந்தப்பனுக்குத்தான் பாடு. அன்று பஸ்ஸுக்கு நின்றவர், காலனிக்காரன் எலும்பு தன் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்திருப்பதைக் கேட்டு மூன்று நாள் சோறு தின்னவில்லை, நான்காம் நாள் மகன்களைக் கூப்பிட்டு உலக்கையால் அதை உடைக்கச் சொன்னார், அவர்கள் அழுதுகொண்டே இடித்தார்கள், அவருடைய சொந்த விலா இரண்டு மளுக்கென்று போனது, வந்த எலும்பு வந்தபடியே இருந்தது. அதிலிருந்து காலனிக்காரர்கள் அவரை முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"என்னா பங்காளி, மூச்சு விட முடியுதா?"

"போடா நாயே."

"நாயின்னா நம்ம ரெண்டு பேரும்தான் பங்காளி."

இருபத்துமூன்றையும் வெறும் எலும்பு என்றார் இன்ஸ்பெக்டர், யாருடையது என்று எழுதியா இருக்கிறது என்றார். உலகத்தில் மாதப்பனுடையதுதான் என்று அடித்துச் சொல்லக்கூடிய எலும்பு ஒன்றே ஒன்று, கவட்டை விலா. அது யாருடைய படத்திலும் இல்லை. இருபத்துநான்காவது எங்கே என்று ஊர் தேடியது.

அது எங்கே என்று எனக்குத் தெரியும். ஐப்பசியிலிருந்தே வலப்பக்கம் ஏதோ குத்தியது, வாயு என்று சுக்குக் கஷாயம் குடித்துப் பார்த்தேன், தையில் வண்டி வந்தபோதும் வாயு என்றே நினைத்து, சங்குக்கு அடைத்த மூச்சோடு போய் நின்றேன். அந்த வருஷம் காவல் அதிகம், ஒரே ஒரு ஆளுக்குத்தான் நெஞ்சு கொடுக்க முடிந்தது, அந்த ஆள் வெடிக்காரன் திம்மராயன். இருபத்திரண்டு வருஷம் வெடித்தூசி குடித்தவன், இருமினால் சட்டைக்கைமேல் சாம்பல் விழும். படங்கள் வந்தன, திம்மராயன் படம் மட்டும் வரவில்லை. டாக்டர் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தகுதிச் சீட்டை மட்டும் அனுப்பியிருந்தார். அபூர்வமான படம், மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று துணைச்சீட்டில் எழுதியிருந்தது. மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் அன்றிரவிலிருந்து பனியனுக்குள் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கெம்பம்மாவிடம் போய்ச் சட்டையைக் கழற்றியிருக்கலாம். ஆனால் சொன்னால் நான் நின்று பார்த்தவன் ஆவேன், இருபத்தெட்டு வருஷமும் அந்தப் பலகை இடுக்கு வழியாகப் போய்விடும். அதனால் நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன், துண்டறிக்கை எழுதினேன். எங்கே எங்கள் தோழனின் விலா என்று தலைப்பு வைத்து, அதை மறைத்து வைத்திருப்பவன் கொலைகாரனுக்குச் சமமானவன் என்று எழுதி, இரண்டாயிரம் பிரதி அச்சடித்துச் சந்தையில் விநியோகித்தேன். மக்கள் அதைச் சத்தம்போட்டுப் படித்தார்கள். மனப்பாடம் செய்தார்கள். இருபத்துமூன்று பேரும் என்னைவிடக் கோபமாக அதைப் பேசினார்கள். ஒரு கொலையைக் கைகட்டிப் பார்த்தவனுக்கு, தன்னைவிடப் பெரிய குற்றவாளி ஒருவன் எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று கேள்விப்படுவது எத்தனை ஆறுதல் என்பது எனக்குத் தெரியும், எனக்கும் அந்த ஆறுதல் தேவைப்பட்டது.

ஆவணியில் டாக்டர் அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பினார். சுகாதார அலுவலர் சைக்கிளில் கொண்டுவந்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். லட்சுமக்கா உறையைப் பிரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள், சொந்த விலாக்களுக்குப் பின்னால் நுனி பிளந்த விலா நின்றது, நடுவில் முறிந்து, முறிந்த இடத்தில் ஆறுபட்டைக் கம்பியின் தடம் அச்சுக் குத்தியது போல் பதிந்து. மூலையில் பெயர் இருந்தது, திம்மராயன். கெம்பம்மாவின் ஜன்னல் படத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து அதன்மேல் இதை வைத்தார்கள், கவட்டை கவட்டையோடு பொருந்தியது. திரி பற்றவைத்தவன் நெஞ்சிலேயே அது இருந்ததில் ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பார்த்தவனுக்கு ஒரு சாதா எலும்பு, வெடித்தவனுக்கு அடையாள எலும்பு. அதை எடுத்து இன்ஸ்பெக்டர் மேசைமேல் வைத்தால் கேஸ். எல்லோரும் அந்தப் படத்தில் எலும்பைத்தான் பார்த்தார்கள்.

இருபத்துமூன்று பேரும் துளைக்கம்பிகளோடு திம்மராயன் வீட்டுக்குப் போனது மறுநாள் காலை பத்து மணிக்கு. கெம்பம்மா அன்று ஸ்டேஷனில் இருந்தாள், எலும்பு கிடைத்துவிட்டது, கொண்டுவருகிறார்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லப் போயிருந்தாள். திம்மராயன் பழையசோற்றில் கை வைத்திருந்தான், அவன் மனைவி நாகம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது என் நெஞ்சு இல்ல சாமி" என்று அவன் உட்கார்ந்தபடியே சொன்னான். "என் நெஞ்ச படம் புடிச்சா டாக்டரு அன்னைக்கே என்ன வூட்டுக்கு அனுப்பியிருப்பாரு. செயலாளரண்ணன் எனக்கு நின்னாரு. போய்க் கேளுங்க. கேட்டுட்டு வந்து அடிங்க."

என்னைக் கூப்பிட்டு வந்தார்கள். வழியெல்லாம் என் வலப்பக்கம் அந்தக் கவட்டை உள்ளிருந்து குத்திக்கொண்டே வந்தது. பழக்கதோஷம், கூட்டத்தைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்திருந்த உரல்மேல் ஏறிவிட்டேன். அங்கிருந்து, படம் என்னுடையது, திம்மராயன் பெயரில் நான்தான் நின்றேன், அந்த எலும்பு என் நெஞ்சில்தான் இருக்கிறது, வேண்டுமானால் என்னை அறுங்கள் என்று சொன்னேன். அதுவரை நான் பேசியதிலேயே உண்மையான பேச்சு அது.

லட்சுமக்காதான் கேட்டாள்.

"உங்க நெஞ்சுல இருக்குதுன்னா, அன்னைக்கு நீங்க கேட்டாண்ட இருந்தீங்களாண்ணா? எங்கள மாதிரி நின்னு பாத்தீங்களா?"

ஒரு சொல் போதும். இருந்தேன். நாகம்மா வெங்காயக் கத்தியோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திம்மராயன் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் விரல்களில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தது.

"இல்லை" என்றேன். "நான் கலெக்டர் ஆபீஸில் இருந்தேன். முத்திரை போட்ட நகல் இருக்கிறது."

கோவிந்தப்பன் பெருமூச்சு விட்டார்.

"அவ்வளவுதான் விடுங்கப்பா. பார்க்காதவன் நெஞ்சுல எலும்பு ஏது? ஒரு தொழிலாளியக் காப்பாத்த மனுஷன் தன் உசுரக் குடுக்கறன்னு வந்து நிக்கறாரு. அவரு கொணம் அது. நாம கேட்டுக்கிட்டோம்னா கேஸு போச்சு."

இரண்டு பேர் என்னை மரியாதையாக உரலிலிருந்து இறக்கினார்கள், ஒருவர் என் தோள்துண்டைச் சரிசெய்தார், டீக்கடை நாற்காலிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நான் குடித்தேன். அங்கிருந்து திம்மராயன் வாசல் நன்றாகத் தெரியும்.

அன்று கை கட்டி நின்றவர்கள், அன்று கொடுக்காத அடியையெல்லாம் சேர்த்துவைத்திருந்தது போல் அடித்தார்கள், முதல் அடி கோவிந்தப்பனுடையது, வாயில் விழுந்தது, சோறும் பல்லும் தெறித்தன, நாகம்மாவை மயிரைப் பிடித்து இழுத்து வேலிமேல் எறிந்தார்கள், திம்மராயன் இருமிக்கொண்டே தவழ்ந்தான், தவழ்ந்த முதுகில் கம்பிகள் ஏறி இறங்கின, ஒவ்வொரு அடிக்கும் அவன் வாயிலிருந்து சாம்பல் புகைந்தது, பார்த்தியா எலும்பு பேசுது என்று ஒருவன் சொன்னான், பிறகு எதுவும் பேசவில்லை. எருமை வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்தார்கள். பங்கு பிரித்துப் பழகிய கைகள்தான், சுத்தமாகத் திறந்தார்கள், வலப்பக்கம் எண்ணினார்கள், பன்னிரண்டு, இடப்பக்கம் எண்ணினார்கள், பன்னிரண்டு. வேறு ஒருவன் எண்ணினான். கோவிந்தப்பன் முழங்கைவரை உள்ளே விட்டுத் தடவினார். விலாக்களுக்கு அடியில் நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருங்கற்கள் இருந்தன, கத்தி அவற்றில் பட்டுப் பொறி பறந்து மழுங்கியது.

லட்சுமக்கா அப்போதுதான் படத்தை மறுபடி எடுத்து வெயிலில் பிடித்தாள். முதல்முறையாக எலும்பை விட்டுவிட்டு எலும்புகளுக்கு நடுவில் பார்த்தாள். கறுப்பாக இருந்தது, கழுவித் துடைத்த பலகை போல ஒரு புள்ளி இல்லாமல்.

"இது கல்லு ஒடைச்சவன் நெஞ்சு இல்ல" என்றாள்.

அவ்வளவு பேரும் திரும்பி டீக்கடையைப் பார்த்தார்கள். நான் காலி சோடா பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்து அடிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. கம்பிகளை அங்கேயே போட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், குளிக்கப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு மணி நேரத்தில் கேஸ் எழுதிவிட்டார். இந்த முறை உடம்பு இருந்தது. இருபத்துமூன்று பேரையும் இரண்டு வேன்களில் ஏற்றினார்கள். பகல் சங்கு ஊதியபோது வேனுக்குள் அவர்கள் எல்லோருக்கும் மூச்சு அடைத்ததைக் கான்ஸ்டபிள்கள் நடிப்பு என்று நினைத்து உதைத்தார்கள். என்னை யாரும் ஏற்றவில்லை. நான் தடுக்கப் பார்த்தேன் என்று இருபத்துமூன்று பேரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதம் ஒவ்வொன்றிலும் என் பெயருக்கு முன்னால் தோழர் என்று இருந்தது.

நான்காம் நாள் காலையில் கெம்பம்மா சங்க அலுவலகத்துக்கு வந்தாள். பின்னால் நாகம்மா, தலையில் கட்டோடு, உள்ளே வராமல் வாசற்படியில் நின்றாள். கெம்பம்மா பக்கத்தில் வந்து என் சட்டைக்குள் கையை விட்டு, துண்டைத் தள்ளி, வலப்பக்கம் உள்ளங்கையை வைத்தாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"எங்க இருந்த?" என்றாள். இருபது வருஷமாக அண்ணா என்றவள்.

"சைக்கிள் கடைக்குள்ள."

"எவ்வளவு நேரம்?"

"முழுசும்."

கையை எடுத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த இரண்டு வெள்ளைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்து ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

"வக்கீல பாத்தன். எலும்புலாம் வேணாமாம், எலும்ப வெச்சு டாக்டரு பிறவின்னுதான் சொல்லுவாராம். கண்ணால பாத்த ஒருத்தன் எழுதிக் குடுத்தா போதுமாம். பாத்தவங்கள்ள கொலைகாரன் ஆவாதவன் நீ ஒருத்தன்தான் மிச்சம். எழுது."

பேனாவை எடுத்தேன். கை தானாக ஓடியது. ஆதிக்கத்தின் கொடுங்கரங்களில் அஞ்சாமல் நின்று வீரமரணம் எய்திய தோழர் மாதப்பன் என்று ஒரு வரி எழுதினேன். கெம்பம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், என் துண்டறிக்கைகளில் படித்தவள்தான். விரலை வைத்துப் படித்தாள்.

"அஞ்சாம நின்னாரா?"

பேனாவை மறுபடி மையில் தொட்டேன்.

"கேக்கறன் இல்ல. நின்னாரா?"

"இல்ல. மொதல் அடியிலேயே விழுந்துட்டான். கும்புட்டான். பொண்டாட்டி இருக்கா, விட்டுடுங்கன்னான்."

"அப்புறம்?"

"தண்ணி கேட்டான். ஒருத்தன் டீய மூஞ்சில ஊத்துனான். அப்புறம் கடைப் பக்கம் ஊர்ந்து வந்தான். பலகைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். என் கண்ணப் பாத்துட்டான்."

"என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நான் இருக்கறது அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அந்தத் திருப்பத்துலதான் வலப்பக்கம் கம்பி விழுந்துது."

கெம்பம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தாலியை எடுத்து என் மேசைமேல், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கண் கலங்கவில்லை. நான் எழுதிய வரியை நகத்தால் கீறிக் காட்டினாள்.

"இத அடி. பதினோரு பேரு பேர எழுது. எத்தன மணிக்கு வந்தாங்கன்னு எழுது. கும்புட்டாருன்னு எழுது, தண்ணி கேட்டாருன்னு எழுது. கடைசியில, நான் பாத்துக்கிட்டிருந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

எழுதினேன். பதினொரு பெயர்களையும் எழுதினேன், சங்கு ஊதிய நேரத்தை எழுதினேன், கடைசி வரியை எழுதும்போது இருபத்தெட்டு வருஷமாகப் பழகிய கை எழுத்துக் கூட்டத் தெரியாதவன் கைபோல் நின்று நின்று போயிற்று. கையெழுத்துப் போட்டேன். கெம்பம்மா தாளை ஊதிக் காயவைத்து நான்காக மடித்தாள். பிறகு வாசலைப் பார்த்து, "உள்ள வா நாகம்மா" என்றாள்.

நாகம்மா வந்து மேசைக்கு எதிரில் நின்றாள். இரண்டாவது தாளை நானே இழுத்துக்கொண்டேன். ஆவணி மாதம், காலை பத்து மணி, திம்மராயன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று தொடங்கி, லட்சுமக்கா கேட்ட கேள்வியை அவள் கேட்டபடியே எழுதி, நான் சொன்ன பதிலை எழுதி, அது பொய் என்று எழுதி, சோடா குடித்ததை எழுதி, முதல் தாளின் கடைசி வரியையே இதிலும் எழுதி முடித்தேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் நாகம்மா. "படிச்சுக் காட்டு."

படித்தேன். மேடையில் படிக்கிற குரல் வந்தது, நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து, பக்கத்து ஆளிடம் பேசுகிற குரலில் படித்தேன்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு வாட்டி படி" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன், என்று படித்தேன்.